வேர் சிகிச்சை முடிந்தது; பல்லுக்கு 'கேப்' அவசியமா?

கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரவெல்லாம் வலி. டாக்டரிடம் ஓடுகிறோம். ரூட் கெனால் எனும் வேர் சிகிச்சை செய்து அடைத்து அனுப்புகிறார். "அடுத்த வாரம் வாங்க, கேப் போடணும்" என்கிறார். வலி போய்விட்டதால் நாம் போவதில்லை. பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டில் ஒரு கல்யாணம், பிறகு நோன்பு என்று நாள் தள்ளிப் போகிறது. சில மாதம் கழித்து ஒரு நாள் எலும்பைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளந்து விடுகிறது. பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் அதோடு போய்விடும்.

வலி இல்லாத பல் ஏன் உடைகிறது? சொத்தை ஏற்கனவே பல்லின் உள்பகுதியை அரித்திருக்கும். வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய டாக்டரும் மேலிருந்து குடைந்துதான் உள்ளே போக வேண்டும். மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். நடுவில் அடைத்த சிமெண்ட் பள்ளத்தை நிரப்புமே தவிர, சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காது. நாம் மெல்லும் விசையில் பெரும்பகுதி கடைவாய்ப் பற்கள் மீதுதான் இறங்குகிறது. கேப் (கிரவுன், பல் உறை என்றும் சொல்வார்கள்) பல்லைச் சுற்றிலும் கவிந்து, பீப்பாய்க்குப் போட்ட இரும்பு வளையம் போல் அதை இறுக்கிப் பிடிக்கிறது. முன்பற்களில் சேதம் குறைவாக இருந்தால் சில நேரம் வெறும் அடைப்பே போதும். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேப் போட வழக்கமாக இரண்டு முறை போக வேண்டியிருக்கும். முதல் முறை பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி, அளவு எடுத்து, தற்காலிக கேப் மாட்டி அனுப்புவார்கள். அது கழன்று வரக்கூடியது. எனவே தொதல், அல்வா, சூயிங்கம் போன்றவற்றை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். அடுத்த முறை நிரந்தர கேப்பை ஒட்டும்போது, கடித்துப் பார்த்து உயரமாகத் தட்டினால் அங்கேயே சொல்லி விடுங்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று எழுந்து வந்தால் அந்தப் பல் வலிக்கத் தொடங்கும்.

முழு உலோக கேப் விலை குறைவு, உறுதியானது, ஆனால் நிறம் காட்டிக் கொடுக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் கொண்ட வகை பரவலாகப் புழங்குகிறது. அதில் நாளடைவில் பீங்கான் சில்லு தெறிக்கலாம், ஈறோரம் கறுப்புக் கோடு தெரியலாம். ஜிர்கோனியா உறுதியும் பல் நிறமும் உடையது, விலை அதிகம். கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லுக்குக் கடன் வாங்கி ஜிர்கோனியா போட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தங்க கேப் ஆண்கள் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் எடுக்கவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. தேவைக்காகத் தங்கப் பல் கூடும் என்பதற்கு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். வேறு பொருள் போதுமான அளவு கிடைக்கும்போது ஆண்கள் தங்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

கடமையான குளிப்பு பற்றிய ஐயமும் வருகிறது. ஷாஃபி மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்புளிப்பது சுன்னத். ஹனஃபி மத்ஹபில் அது ஃபர்ளு என்பதால்தான், கேப்புக்கு அடியில் தண்ணீர் போகவில்லையே என்ற கவலை. ஒட்டிவிட்ட கேப்பைக் கழற்ற முடியாது என்பதால் அது பல்லின் இடத்தைப் பெறுகிறது. மேலே தண்ணீர் பட்டால் போதும். கழற்றி மாட்டும் பல்செட் வேறு விஷயம். அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் வேர் சிகிச்சை முடிந்திருந்தால் பெருநாள் வரை கேப்பைத் தள்ளிப் போட வேண்டாம். மரத்துப் போகப் போடும் ஊசி உணவாகாது என்பதால் அது நோன்பை முறிக்காது என்பதே இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. ஆனால் பல்லைச் சீவும் கருவி தண்ணீர் பீய்ச்சும், அது தொண்டைக்குள் இறங்கிவிடலாம். இஃப்தாருக்குப் பிறகு நேரம் கேட்டு வாங்குவது நிம்மதி.

கேப் போட்ட பல்லில் இனி சொத்தை வராது என்று எண்ணிவிடாதீர்கள். கேப்பும் ஈறும் சந்திக்கும் ஓரத்தில் மிச்சமிருப்பது நம் சொந்தப் பல்தான். சொத்தை அங்கேதான் புகும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலித்து எச்சரிக்கவும் செய்யாது. மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ, ஈறோரம் வரை போக வேண்டும். இரண்டு பல்லுக்கும் இடையில் ஃப்ளாஸ் நூலை விட்டு எடுக்க வேண்டும். கேப் ஆடினாலோ, அந்தப் பக்கம் கெட்ட வாடை வந்தாலோ, கழன்று விழும்வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழன்று விழுந்துவிட்டால் வீட்டிலுள்ள பசையால் ஒட்டாதீர்கள், கேப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள். பல் உடையாமல் இருந்தால் பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும்.