பட்டா இல்லாத ஊர்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பெடாஸ் என்றால் வெந்நீர் ஊற்றுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள், அதாவது வரிசை வீடுகள், ஏன் காலியாயின என்று கேட்டால், விலை சரிந்தது, செம்பனை வந்தது, பிள்ளைகள் பட்டணம் போனார்கள் என்பார்கள். இது பாதிக் காரணம்தான். அதே ரெம்பாவ் மாவட்டத்து மலாய்க் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) கித்தா இருந்தது. விலை அங்கும் விழுந்தது, பிள்ளைகள் அங்கிருந்தும் போனார்கள். கம்பம் மட்டும் கலையவில்லை. நெகிரி செம்பிலானில் 1909இல் வந்த வழக்காற்று நிலவுடைமைச் சட்டம், தாய்வழிக் குலத்துக்குரிய நிலத்தை வெளியார் கைக்குப் போகவிடாமல் காத்தது. நகரம் போனவர் பெருநாளுக்குத் திரும்பிவர வீடும் மனையும் இருந்தன. தோட்டத்து லயமோ வேலையோடு கட்டப்பட்டிருந்தது. கிராணியின் (எழுத்தரின்) செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் அடிக்கப்பட்டால் வீடும் போயிற்று. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தலைமுறையாகப் பால் வெட்டியவர்களிடம் விற்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய சட்டமும் இல்லை.

நிலம் இல்லாவிட்டால் என்ன, ஊரைக் கட்டிப்போட்டது கோயில் அல்லவா என்று சிலர் மறுப்பார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. லயத்துக் கோடியில் மரத்தடியில் நட்ட ஒரு சூலம், கூரை பெற்று, சுவர் பெற்று, திருவிழாவுக்கு ஆளுக்கு ஒருநாள் சம்பளம் கேட்கும் கோயிலாக வளர்ந்தது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எண்ணாக நின்றவர் அங்கே உபயகாரர் ஆனார். ஆனால் பெரும்பாலும் அந்த இடத்தைத் துரை (தோட்ட மேலாளர்) வாய்ச்சொல்லாகக் கொடுத்தார், எழுதிக் கொடுக்கவில்லை. ஜெர்மனியின் லோர்ஷ் மடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 764இல் தோன்றிய அந்த மடத்துக்கு வந்த நிலக்கொடைகளை 12ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய சுவடியாகத் தொகுத்தார்கள். 3,800க்கு மேற்பட்ட ஆவணங்கள். எத்தனையோ சிற்றூர்களின் பெயர் முதன்முதலில் பதிவானது அதில்தான். 16ஆம் நூற்றாண்டில் மடம் மூடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயில் மண்டபமும் தேவாலயத்தின் ஒரு பகுதியும் சில சுவர்களுமே. சுற்றியிருந்த ஊர்களில் பல அழியவில்லை. பெடாஸ் பக்கம் கதை தலைகீழ்: கோயில் சில இடங்களில் நிற்கிறது, கும்பிட்டவர்கள் பூசைக்குக் காரில் வந்து போகிறார்கள்.

இன்னொரு மறுப்பு: இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சம்பாதித்துத் திரும்பத்தானே வந்தார்கள், அவர்களுக்கு நிலம் எதற்கு? கங்காணி ஆள் கொண்டுவந்த காலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்தபின் பொருந்தாது. 1957 குடிமதிப்பின்போது மலாயா இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்கேயே பிறந்தவர்கள். அதற்கும் முன்பே, 1923 தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்தவேண்டும் என்று தோட்டங்களுக்கு விதித்தது. ஆக, குடும்பங்கள் தங்கும் என்பது அரசுக்கும் தெரிந்தே இருந்தது. துண்டாடலுக்கு எதிராக 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சந்தாவில் தோட்டங்களை வாங்கியது. பெரும் சாதனைதான், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் அது தோட்டத்தைத் தோட்டமாகவே நடத்தியது. சந்தா கட்டியவருக்கு முதலில் வந்தது சங்கத்தின் பங்கு, குடியிருந்த மனைக்குப் பட்டா அல்ல.