தந்தை பெயர் எழுதாத ஏடு

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் கணக்கெழுதச் சலிக்காதவர். 1774 முதல் தம் கைப்பட அவர் எழுதிவந்த பண்ணைக் குறிப்பேடு பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அடிமைகளின் பெயர்கள், பிறந்த ஆண்டுகள், யாருக்கு எவ்வளவு துணி, எத்தனை போர்வை, எத்தனை மீன் என்பதெல்லாம் அதில் உண்டு. சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண்ணின் பெயரைச் சார்ந்து பெவர்லி 1798, ஹாரியட் 1801, மாடிசன் 1805, எஸ்டன் 1808 எனப் பிள்ளைகள் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய தந்தை யார் என்ற குறிப்பு மட்டும் இல்லை.

அந்த வெற்றிடத்தை ஏதோ மறதி என்று நாம் கருதிவிடலாகாது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியா 1662ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை; தந்தை எவராயினும் அதனால் எதுவும் மாறுவதில்லை. ஆகவே தாயின் பெயர் சொத்துரிமைக்கான சான்றாயிற்று. தந்தையின் பெயரோ சட்டத்துக்கு வேண்டாத ஒன்று. பெயரறியாத தந்தைக்குப் பிறந்து, தாய் ஜபாலையின் பெயரையே தன் குலமாகச் சொல்லி நின்ற சத்யகாமனின் உபநிடதக் கதை நம் நினைவுக்கு வரக்கூடும். அங்கே ஆசான் அவனை ஏற்றுக்கொண்டார். இங்கே தாயின் பெயர் விலங்காயிற்று.

சாலியின் பிறப்பிலேயே இதே சிக்கல் உண்டு. 1773இல் பிறந்த அவருடைய தாய் எலிசபெத் ஹெமிங்ஸ். தந்தை ஜான் வேல்ஸ் என்பது குடும்பச் செய்தி. இந்த வேல்ஸ் ஜெஃபர்சனின் மாமனார். அவர் 1773இல் இறந்தபின் ஹெமிங்ஸ் குடும்பம் மரபுரிமையாக ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணைக்கு வந்தது. அதாவது, குடும்பச் செய்தி மெய்யாயின், ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்குச் சாலி தந்தைவழித் தங்கை. மார்த்தா 1782இல் மறைந்தார். 1787இல் ஜெஃபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகப் பாரிசுக்கு அனுப்பப்பட்ட சாலி, 1789இல் திரும்பினார்.

1802இல் ஜேம்ஸ் காலெண்டர் என்னும் இதழாளர் இவ்வுறவைப் பற்றி ரிச்மண்ட் நகரச் செய்தித்தாளில் எழுதினார். குடியரசுத் தலைவர் பொதுவெளியில் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. காலெண்டர் பதவி கிடைக்காத கோபத்தில் எழுதியவர் என்பதால் அவர் சொல் எளிதாகத் தள்ளப்பட்டது.

அடுத்து வருவதுதான் நம் கவனத்துக்குரிய பகுதி. ஜெஃபர்சனின் மகள்வழிப் பேரப்பிள்ளைகள் இருவர் தந்தை வேறொருவர் என்றனர். பேத்தி எலன் 1858இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஜெஃபர்சனின் சகோதரி மகனான சாமுவேல் கார் என்பவரைச் சுட்டினார். பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப் சொன்னதாக 1868ஆம் ஆண்டுக் கடிதமொன்று தருவதோ சாமுவேலின் சகோதரர் பீட்டர் காரின் பெயரை. ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகள், பெயரோ இரண்டு! பண்ணை மேற்பார்வையாளர் எட்மண்ட் பேக்கனின் நினைவுகள் 1862இல் நூலாயின. ஹாரியட் ஜெஃபர்சனின் மகள் அல்லள், இன்னாருடைய மகள் என்று பேக்கன் சொன்ன இடத்தில், 'இன்னார்' பெயரை அச்சில் விட்டுவிட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். பேக்கன் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றது 1806இல். ஹாரியட் பிறந்தது 1801இல்.

இவற்றோடு மாடிசனின் வாக்குமூலத்தை வைத்துப் பார்ப்போம். ஒஹாயோ மாநிலத்தில் தச்சராக வாழ்ந்த அவர் 1873 மார்ச்சில் உள்ளூர் இதழொன்றுக்குத் தம் வரலாற்றைச் சொன்னார். பாரிசில் தாய் கருவுற்றிருந்தார். அந்நாட்டில் விடுதலை பெற இயலும் என்பதால் திரும்ப மறுத்தார். பிள்ளைகளை இருபத்தொரு வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்களித்தபின்பே வந்தார். மாடிசன் சொன்னது இதுதான். மூன்றாண்டுகள் முன்னரே, 1870இன் குடிமதிப்பில், கணக்கெடுத்த அலுவலர் அவர் பெயருக்கருகில் இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று குறித்துவைத்திருந்தார். படிவத்தில் கேட்கப்படாத செய்தி அது.

வாக்கு நிறைவேறியதா என்பதற்கும் ஏடுகள் விடை தருகின்றன. பெவர்லியும் ஹாரியட்டும் 1822இல் வெளியேறினர். பண்ணைக் குறிப்பேடு அவர்களை ஓடிப்போனவர்கள் என்கிறது. ஆனால் ஜெஃபர்சன் சொல்ல, ஹாரியட்டுக்கு ஐம்பது டாலர் கொடுத்து வண்டியேற்றியதாக மேலே கண்ட பேக்கனே சொல்கிறார். வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைப்பதை நம் ஊரில் ஓட்டம் என்று சொல்வதில்லை. 1826இல் இறந்த ஜெஃபர்சனின் உயில் மாடிசனுக்கும் எஸ்டனுக்கும் விடுதலை தந்தது. மறு ஆண்டே அப்பண்ணையின் அடிமைகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏலமிடப்பட்டனர் என்பதை மறவாதிருப்போம். உயிலில் சாலியின் பெயர் இல்லை. ஆயினும் அவர் மகன்களுடன் சார்லட்ஸ்வில்லில் வாழ்ந்து 1835இல் மறைந்தார். 1830இன் குடிமதிப்பு அவரை வெள்ளையர் என்றது. 1833இன் சிறப்புக் கணக்கெடுப்பு கலப்பினத்தவர் என்றது. அரசு ஏடுகளின் உறுதிப்பாடு இவ்வளவுதான்.

ஏட்டில் இல்லாததைக் 'கர்ண பரம்பரை' என்று நாம் சற்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. காதுவழி வந்தது என்பதே பொருள். அமெரிக்க வரலாற்றறிஞர் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாடிசன் சொன்னதை இவ்வாறே ஒதுக்கினர். ஆனால் எலனும் அவர் சகோதரரும் சொன்னவையும் காதுவழிச் செய்திகள்தாமே? ஒன்று பெரிய வீட்டின் பேச்சு, மற்றொன்று அடிமைக் குடிலின் பேச்சு. சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் 1997இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கேட்டார். ஜெஃபர்சன் எந்நாளில் எங்கிருந்தார் என்பதை அவருடைய கடிதங்களும் செலவுக் குறிப்புகளும் காட்டுகின்றன. ஏட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் அவர் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பதை வின்திராப் ஜோர்டன் 1968இலேயே கவனித்திருந்தார்.

1998 நவம்பரில் 'நேச்சர்' இதழில் மரபணு ஆய்வு வெளிவந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமைக் கொண்டு செய்த ஆய்வு அது. ஜெஃபர்சனுக்கு ஆண்வழி வாரிசு எஞ்சாமையால் அவருடைய பெரியப்பன் வழியினரிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டன. எஸ்டன் வழிவந்த ஒருவரோடு அவை பொருந்தின. கார் குடும்பத்தோடு எஸ்டன் வழி பொருந்தவில்லை. பேரப்பிள்ளைகள் சொன்ன கதை எஸ்டனைப் பொறுத்தவரை சரிந்தது. அதே ஆய்வு இன்னொரு கதையையும் சாய்த்தது. தாமஸ் உட்சன் என்பவர் ஜெஃபர்சனுக்கும் சாலிக்கும் பிறந்த முதல் மகன் என்று அவர் வழியினர் தலைமுறைகளாகச் சொல்லிவந்தனர். அக்கிளையின் மாதிரிகள் ஜெஃபர்சன் வழியோடு பொருந்தவில்லை. கறுப்பினக் குடும்பங்களின் வாய்மொழி முழுதும் மெய் என்று கொண்டாட விரும்பியோருக்கு இது கசப்பாகவே இருந்திருக்கும்.

ஒய் குரோமோசோம் குடும்பத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. எனவே ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃப் தந்தையாக இருக்கலாம் என்ற வாதம் பின்னர் எழுந்தது. 1807 ஆகஸ்டில் தம்பியை மாண்டிசெல்லோவுக்கு அழைத்த கடிதம் உண்டு. அவர் வந்ததற்குப் பதிவு இல்லை. 1998க்குமுன் இவ்விவாதத்தில் அவர் பெயர் பெரிதாக அடிபட்டதும் இல்லை. பழைய காவலர் வீழ்ந்தபின் நிறுத்தப்பட்ட புதிய காவலர் என்றே நமக்குத் தோன்றுகிறது. மாண்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டின் அறிக்கையில் ஜெஃபர்சனே தந்தையாதல் மிகவும் சாத்தியம் என்றது. 2001இல் வேறொரு அறிஞர் குழுவின் பெரும்பான்மையோர் மறுத்தனர். 2018இல் சாலிக்கென ஒரு காட்சிக்கூடம் திறந்தபோது அறக்கட்டளை இதை முடிந்த செய்தியாகவே கொண்டது.

எஸ்டன் 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தார். அதன் விலையாக அவருடைய வழியினரிடம் உண்மை மங்கியது. ஜெஃபர்சனின் உறவினர் ஒருவர் வழி வந்ததாகவே பின்னோர் நம்பினர். ஆனால் எஸ்டன் தம் மூத்த மகனுக்கு இட்ட பெயர் ஜான் வேல்ஸ். எந்த ஏட்டிலும் எழுதப்படாத, தன் தந்தையின் தாய்வழிப் பாட்டன் பெயரை அந்தப் பிள்ளை சுமந்தது.

மாடிசன் வழியில் ஆண்கிளை எஞ்சவில்லை. உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் இருந்த அவருடைய மகன் வில்லியம், கன்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் இராணுவக் கல்லறையில் இருக்கிறார். அவர் எலும்பிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்கப்பட்டபோது, கல்லறையைத் தோண்ட மாடிசன் குடும்பத்தார் இசையவில்லை.