விக்டோரியக் கால அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு: தொடர் அமைப்பு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி எழுத்தாளர்கள் கற்பனை செய்த எந்திரங்களையும் வேற்றுலக உயிர்களையும் அக்காலப் படைகளோடு மோதவிட்டு, சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமேல் ஆடும் ஆட்டம் இது. ஒரு பொம்மை ஒரு படைப்பிரிவைக் குறிக்காமல் ஒரே ஆளைக் குறித்தால் அதைச் சிறுமோதல் ஆட்டம் என்பர். பக்கத்துக்கு ஐந்து முதல் இருபது பொம்மைகள் போதும். இரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். ஓர் ஆட்டத்தின் முடிவு அடுத்த ஆட்டத்தைத் தொட்டுச் செல்லும்படி பலவற்றைக் கோத்தால் அது தொடர். ஆட்டக்காரர்கள் இதை கேம்பெய்ன் என்பார்கள்.

தோற்றம்

மேசைப் போர் விளையாட்டு முதலில் பொழுதுபோக்கு அல்ல. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வடிவமைத்த கிரீக்ஸ்பீல், அதிகாரிகளுக்கான பயிற்சி. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 1913இல் வெளிவந்தது. அதில் துப்பாக்கிச் சூட்டைப் பகடை தீர்மானிப்பதில்லை. சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் உண்மையாகவே சுட்டு வீரர்களைச் சாய்க்க வேண்டும். செவ்வாய்க் கிரகத்தாரை நாவலில் இங்கிலாந்தில் இறக்கியவரே தரையில் பொம்மைகளைப் பரப்பி ஆடியவரும் என்றாலும் இரண்டையும் அவர் இணைக்கவில்லை. அந்த வேலை பல பத்தாண்டுகள் கழித்தே நடந்தது.

1979இல் லாரி பிராம் எழுதிய ‘தி சோர்ட் அண்ட் தி ஃப்ளேம்’ காலனியப் போர்களுக்கான விதிநூல். எந்தப் படை அடுத்து நகரும் என்பதைச் சீட்டு உருவி முடிவு செய்யும் அதன் முறை பின்னால் பலருக்கும் முன்மாதிரியானது. 1988இல் ஃபிராங்க் சாட்விக்கின் ‘ஸ்பேஸ்: 1889’ வந்தது. எடிசன் 1870இல் ஈதர் உந்தி கொண்டு செவ்வாய்க்குப் போய்விட்டார் என்பது அதன் கற்பனை. செவ்வாயில் மிதக்கும் மரம் ஒன்று வளர்கிறது. அதனால் கப்பல்கள் வானில் பறக்கின்றன. 2013இல் ஆஸ்பிரே வெளியிட்ட ‘இன் ஹர் மெஜஸ்டிஸ் நேம்’ சிறு குழுக்களுக்கென்றே எழுதப்பட்டது. பத்து முகப் பகடையை உருட்டி அடி பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டவர் தாக்குப்பிடிக்கிறாரா என்பதற்கு அவருடைய துணிவை வைத்து இன்னொரு உருட்டல். சாதாரணக் காவலர் சாய்கிற இடத்தில் கதாநாயகன் நின்றுவிடுவதற்கு இந்த இரண்டாவது உருட்டல்தான் காரணம்.

தொடர் என்ற வடிவத்துக்குத் தனி வரலாறு உண்டு. டோனி பாத் என்ற ஆங்கிலேயர், ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தில் பல ஆண்டுகள் ஒரு தொடரை நடத்தி, அந்த அனுபவத்தை 1973இல் நூலாக எழுதினார். அரசர்கள், தளபதிகள் ஆகியோரின் குணத்தையும் ஆசைகளையும் சீட்டுக்கட்டிலிருந்து உருவி அமைத்தவர் அவர். தளபதி நம்பத் தகாதவர் என்று சீட்டு சொல்லிவிட்டால் போர்க்களத்துக்கு வெளியேயும் கதை நடக்கத் தொடங்கிவிடுகிறது. இன்றைய தொடர்களில் காணும் பெரும்பாலான உத்திகளுக்கு வேர் இங்கே இருக்கிறது.

களமும் காலமும்

புதிதாகத் தொடங்குவோர் நீராவி யானை, பறக்கும் கப்பல், மின்னல் துப்பாக்கி, நிலவுவாசிகள் என்று எல்லாவற்றையும் முதல் நாளே மேசையில் கொட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எதுவும் வியப்பளிக்காது. ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வரலாற்றிலிருந்து எடுப்பதே நல்ல வழி. சாட்விக் செய்தது ஏறக்குறைய அதுதான். துப்பாக்கியின் வீச்சு, ரயில் பாதை, தந்திக் கம்பி எல்லாம் உள்ளபடியே இருந்தால்தான் அந்த ஒரு பொய்க்குக் கனம் வரும்.

இதற்கு வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலைவிடத் தோதான களம் இல்லை. 1897இல் பியர்சன்ஸ் இதழில் தொடராக வந்து 1898இல் நூலானது. அதைக் கூர்ந்து படித்தால் தொடருக்கு வேண்டிய நாட்காட்டி தயாராகவே இருக்கிறது. செவ்வாயிலிருந்து பத்து இரவுகள் பத்து உருளைகள் ஏவப்படுகின்றன. அவை ஒரு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பூமியில் விழுகின்றன. முதலாவது சர்ரே மாவட்டத்தில் வோக்கிங் நகருக்கு அருகே ஹார்செல் பொட்டலில். போகப்போக எதிரியின் பலம் கூடும். மூன்று வாரங்களில் நுண்ணுயிர்கள் செவ்வாய்க் கிரகத்தாரைக் கொன்றுவிடும். ஆக, மனிதப் படை வெல்லத் தேவையில்லை. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

இது ஆட்டத்தின் பெரிய சிக்கல் ஒன்றைத் தீர்க்கிறது. செவ்வாய்க் கிரகத்தார் ஓட்டும், வெப்பக் கதிர் ஏந்திய முக்காலி எந்திரத்துக்கு எதிரே இருபது காலாட்படை வீரர்களை நிறுத்தினால் அது போட்டியே அல்ல. புள்ளிக்கணக்கு போட்டுச் சமன் செய்ய முயன்றால் எந்திரம் பொம்மையாகிவிடும். வெற்றி என்பதற்கு இரு தரப்புக்கும் வேறு வேறு பொருள் கொடுப்பதே சரி. நாவலில் எசெக்ஸ் கடலோரத்தில் தண்டர் சைல்ட் என்ற போர்க்கப்பல் முக்காலிகளை மோதி வீழ்த்துகிறது; தானும் அழிகிறது. அந்த இடைவெளியில் அகதிகளை ஏற்றிய நீராவிக் கப்பல் தப்பிவிடுகிறது. மேசையில் இதை ஆடும்போது கடைசியில் எண்ண வேண்டியது வீழ்ந்த எந்திரங்களை அல்ல, தப்பியவர்களை.

நாவலில் இன்னொரு பாடமும் உண்டு. ஷெப்பர்ட்டன் அருகே மறைத்துவைத்த பீரங்கிகள் ஒரு முக்காலியை வீழ்த்துகின்றன. எதிரி சும்மா இருப்பதில்லை. அடுத்த முறை பீரங்கி ஒளிந்திருக்கக்கூடிய இடமெல்லாம் நச்சுக் கரும்புகையை முன்கூட்டியே ஏவுகிறான். தொடரிலும் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு தந்திரம் ஒரு முறை பலித்தால், மறு ஆட்டத்துக்குள் எதிர்த்தரப்பு அதற்கொரு மாற்றைப் பெறட்டும்.

கணக்கும் காயமும்

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயரும் ஓர் அட்டையும் தேவை. ஆட்டத்தில் சாய்ந்தவர் எல்லாரும் செத்ததாகக் கொள்ளக் கூடாது. ஆட்டம் முடிந்தபின் பகடை உருட்டி இறந்தாரா, ஓர் ஆட்டம் படுத்திருப்பாரா, தழும்போடு திரும்புவாரா என்று பார்ப்பது வழக்கம். நெக்ரோமுண்டா (1995), மார்டைம் (1999) என்ற ஆட்டங்கள் இந்த வழக்கத்தைப் பரவலாக்கின.

வென்றவருக்கே அனுபவமும் பணமும் சேர்ந்துகொண்டு போனால் மூன்றாவது ஆட்டத்திலேயே தொடர் செத்துவிடும். தோற்பவர் வீட்டில் ஏதோ வேலை என்று வராமல் நின்றுவிடுவார். தோற்றவருக்கு உதவிப்படை தருவது ஒரு மருந்து. ஆளின் திறமையை உயர்த்தாமல் தகவல், வரைபடம், நட்பு போன்றவற்றைப் பரிசாகத் தருவது அதைவிட நல்ல மருந்து. தொடர் ஆறு முதல் எட்டு ஆட்டங்களுக்கு மேல் நீள வேண்டியதில்லை. நடுவர் ஒருவர் இருந்தால் செவ்வாய்க் கிரகத்தாரை அவரே நடத்தலாம். மற்ற அனைவரும் ஒரே பக்கம்.

யார் எதிரி

இந்த வகை ஆட்டங்களின் பிறப்பு காலனியப் போர் ஆட்டங்களில் என்பதால் அவற்றின் கண்ணோட்டமும் கூடவே வந்துவிட்டது. சிவப்புச் சட்டை அணிந்தவர் நாயகர், வேட்டியோ ஈட்டியோ உள்ளவர் எதிரி என்ற ஏற்பாடு பழைய விதிநூல்கள் பலவற்றில் கேள்வியின்றி நிற்கிறது. மூல நூல்கள் இந்த விஷயத்தில் அவற்றைவிட நேர்மையானவை. ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியப் பழங்குடிகளை அழித்ததை வெல்ஸ் தம் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறார்.

ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ இன்னும் நேரடியான வாசல். 1874–75இல் வந்த ‘மர்மத் தீவு’ அவரை டக்கார் என்ற புந்தேல்கண்ட் இளவரசராகவும், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவராகவும் காட்டுகிறது. அதற்கு முந்தைய கடலடி நாவலில் நெமோ மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறார். சங்குக்குளிகாரர்களின் கடலில் முத்துக் குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கைநிறைய முத்தும் கொடுத்துப் போகிறார். நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸையும் அதன் மாலுமிகளையும் ஆட்டக்காரர் தரப்பாக வைத்து, பேரரசின் கப்பல்களை நடுவரிடம் ஒப்படைத்துவிட்டால் ஆட்டம் முழுக்க வேறாகிவிடும்.

அளவு

பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம். இது ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. நாவலில் முக்காலியின் உயரம் நூறடிக்குச் சற்றே குறைவு என்று செய்தித்தாள்கள் சொல்கின்றன. இந்த அளவில் அது மேசையிலிருந்து அரை மீட்டர் எழும்பி நிற்கும். கால் தடுக்கி விழுந்தால் கிராமமே போகும். ஆகவே பலர் அதைக் குட்டையாகச் செய்துகொள்கிறார்கள், அல்லது 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு மாறுகிறார்கள். எப்படியிருந்தாலும் அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வேலியும் கூரையும் எதையும் மறைப்பதில்லை. நான்கடிச் சதுர மேசையில் மனிதர்கள் ஒளிய வேண்டுமானால் மரக்கூட்டத்துக்கும் புகைக்கும் இரவுக்கும் தனி விதிகள் எழுதிக்கொள்ள வேண்டும்.