ஜெராக்ஸில் பரவிய பாடம்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததிலிருந்து, "பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா? எங்கே கற்பது? ஃபீஸ் எவ்வளவு?" என்று நம் குடியிருப்பிலும் சிலர் கேட்கிறார்கள். ஃபீஸ் கட்டத் தேவையில்லை. அதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை ஒன்று உண்டு.

லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், 1976-77 வாக்கில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதியை, சுமார் 9,000 வரி நிரலை, ஒரு தொகுதியாக அச்சிட்டார். இன்னொரு தொகுதியில் விளக்கம் எழுதினார். மூலமும் உரையும் என்று நாம் திருக்குறள் வாங்குவதில்லையா, அப்படித்தான். ஓர் இயங்குதளத்தின் உயிர்நாடியை மாணவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்ப் படிக்க முடிந்தது.

1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம், நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டது. வியாபார ரகசியமாம்! பலன் வேறாக இருந்தது. லயன்ஸின் புத்தகம் ஜெராக்ஸாக, ஜெராக்ஸின் ஜெராக்ஸாக, நாடு நாடாகக் கைமாறியது. எழுத்து மங்கிய பிரதியைக்கூடப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. முறையான அனுமதியுடன் அது கடைக்கு வந்தது 1996-இல்தான்.

இந்தத் தடையால் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுக்கும் வகுப்பில் காட்ட நிரல் இல்லாமல் போனது. அவர் மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987-இல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் விழுந்து விழுந்து படித்த புத்தகம் அதுதான். 1991-இல் அவர் லினக்ஸை வெளியிட்டார். தடை போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1992-இல் லினக்ஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வந்தது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் நிரல் கையில் இருந்தால் போதுமா? எப்படி நிறுவுவது என்று யாராவது சொல்ல வேண்டுமே. அதற்காகவே லினக்ஸ் ஆவணத் திட்டம் உருவானது. மேட் வெல்ஷ் தொடக்கநிலை வழிகாட்டி எழுதினார். லினஸின் நண்பர் லார்ஸ் விர்சேனியஸ் நிர்வாகிகளுக்கான கையேடு எழுதினார். இவற்றை யாரும் நகலெடுக்கலாம். லயன்ஸின் மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது.

தமிழிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸ் பாடங்களை எளிய தமிழில் வெளியிட்டு, மின்னூல்களாகவும் இலவசமாகத் தந்துவருகிறது. தாராளமாக இறக்கி அச்செடுக்கலாம், அடுத்த பிளாக்குக்கும் கொடுக்கலாம்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் எம்-ஏ-என், ஓர் இடைவெளி, எல்-எஸ் என்று தட்டிப் பாருங்கள். எல்-எஸ் என்பது கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. அதன் கையேடு திரையில் விரியும். 1971-இல் பெல் ஆய்வகத்தில் அச்சான முதல் யூனிக்ஸ் கையேட்டிலிருந்து வரும் வழக்கம் இது. பெரும்பாலான லினக்ஸ்களில் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். வெளியே வர கியூ எழுத்தை அழுத்துங்கள்.