ஷியாம் செல்வதுரையின் நாவல்கள்

ஷியாம் செல்வதுரை (பிறப்பு: 1965) ஆங்கிலத்தில் எழுதும் இலங்கை-கனடிய நாவலாசிரியர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தார். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின், பத்தொன்பது வயதில், குடும்பத்துடன் கனடாவில் குடியேறினார். டொரொன்டோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்குள் வைத்து ஆண்களுக்கு இடையிலான காதலை எழுதிய முன்னோடிகளில் ஒருவர்.

முதல் நாவலான ‘ஃபன்னி பாய்’ 1994-ல் வெளிவந்தது. தொடர்புடைய ஆறு கதைகளால் ஆன நாவல் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா வீட்டில் கூடும் பிள்ளைகளின் விளையாட்டில் அர்ஜி என்னும் சிறுவன் சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்கிறான். அதைக் கண்ட பெரியவர்கள் அவனைப் பெண்பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் கிரிக்கெட் ஆட அனுப்புகிறார்கள். தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஒரு மாதிரி’ என்பதே நெருக்கமானது. இழுத்துச் சொல்லும் தொனியில்தான் அதன் பொருள் இருக்கிறது. அர்ஜி வளர்ந்து, ஷெஹான் என்னும் சிங்கள மாணவனைக் காதலிக்கிறான். கடைசிக் கதை 1983 கலவரத்தின் நாட்குறிப்பு. அர்ஜியின் வீடு எரிக்கப்படுகிறது. அதுவரை தனக்கு நெருக்கமானவனாக மட்டும் தெரிந்த ஷெஹான் சிங்களவன் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. நாவலின் வலிமையான இடம் இதுவே. வீட்டுக்குள் ‘இவன் நம்மைப் போல் இல்லை’ என்று சொன்னவர்களைப் பார்த்துத் தெருவில் வேறொரு கூட்டம் அதையே சொல்கிறது.

இந்நாவல் லாம்டா இலக்கிய விருது பெற்றது. தன்பால் உறவு அப்போது இலங்கையில் சட்டப்படி குற்றம். ஆங்கிலேயர் 1883-ல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் வழிவந்த தடை அது. நாவல் வெளிவந்த மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தடை நீங்கவில்லை. ஆண்களை மட்டும் குறித்த 365ஏ பிரிவு பெண்களுக்கும் பொருந்தும்படி மாற்றப்பட்டது.

‘சினமன் கார்டன்ஸ்’ (1998) 1920-களின் கொழும்புக்குச் செல்கிறது. தலைப்பு, செல்வந்தர்கள் வாழ்ந்த கறுவாத்தோட்டத்தைக் குறிக்கும். டொனமூர் ஆணைக்குழு வந்த காலம். அரசியல் உரிமைகள் பற்றிய பேச்சு எங்கும் நிகழ்கிறது. முதலியாரின் மகன் பாலேந்திரன் மனைவி, மகனுடன் மதிப்பாக வாழ்பவர். லண்டனில் தந்தையின் வற்புறுத்தலால் பிரிந்த காதலன் ரிச்சர்ட் இப்போது கொழும்புக்கு வருகிறான். பாலேந்திரன் இறுதியில் தந்தையை எதிர்த்துப் பேசுகிறார், ஆனால் குடும்பத்தை விட்டு வெளியேறுவதில்லை. அத்தியாயங்கள் திருக்குறள் மேற்கோள்களுடன் தொடங்குகின்றன. அறம் பேசும் அந்நூலை அறத்தின் பெயரால் நசுங்கும் மனிதரின் கதைக்கு முகப்பாக வைத்தது துணிச்சலான தேர்வு.

1980-ஆம் ஆண்டுக் கொழும்பில் நிகழும் ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ’ (2005) இளையோருக்கான நாவல். ‘த ஹங்ரி கோஸ்ட்ஸ்’ (2013) அதைவிட இருண்டது. கனடாவில் குடியேறிய சிவன் கொழும்புக்குத் திரும்பும்போது, அவனுடைய சிங்களப் பாட்டியின் தலையீடு காதலனின் சாவில் முடிகிறது. அன்பும் ஆதிக்கமும் பிரிக்க முடியாதபடி கலந்த அந்தப் பாட்டி, செல்வதுரை படைத்த பாத்திரங்களில் மிகச் சிறந்தவர் எனலாம்.

தீபா மேத்தா 2020-ல் ‘ஃபன்னி பாய்’ நாவலைப் படமாக்கினார். திரைக்கதையில் செல்வதுரையும் பங்கேற்றார். முக்கிய வேடங்களில் தமிழர் அல்லாத நடிகர்கள் நடித்ததையும், அவர்கள் பேசிய தமிழ் சிதைந்திருந்ததையும் ஈழத்தமிழர்கள் கடுமையாகக் கண்டித்தனர். கண்டனம் நியாயமானது. தமிழர் என்பதற்காக வீடிழந்த குடும்பத்தின் கதையில் தமிழே பொய்யாக ஒலித்தது. கனடா அப்படத்தை ஆஸ்கர் விருதின் வேற்றுமொழிப் பிரிவுக்கு அனுப்பியது. ஆங்கில உரையாடல் பாதிக்கு மேல் இருந்ததால் அங்கும் அது ஏற்கப்படவில்லை.

அடுத்த நாவலான ‘மேன்ஷன்ஸ் ஆஃப் த மூன்’ (2022) சித்தார்த்தனின் மனைவி யசோதரையைப் பற்றியது.