கயத்தாற்றுப் புளியமரமும் வெள்ளித்திரையும்

தமிழகத்தில் வரலாற்று நூலைத் திறந்து பாராதவரும் வீரபாண்டிய கட்டபொம்மனை அறிவர். அவன் நடையை அறிவர். உரத்த குரலை அறிவர். மீசையை முறுக்கும் விரலசைவையும் அறிவர். இவ்வறிவு ஆவணக் காப்பகத்திலிருந்து வந்ததன்று. 1959ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஒரு திரைப்படம் தந்தது. ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை ஒரு கலைப்படைப்பின் வழியே நினைவில் வைத்திருக்கும்போது, அப்படைப்பு எதைக் காத்தது, எதை மாற்றியது, எதை விட்டுவிட்டது என வினவுவது ஆய்வுலகின் கடன். அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

பாட்டிலிருந்து படத்திற்கு

1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். ஊர்ப்பெயரே கணக்கேடுகளிலிருந்து நீக்கப்பட்டது. கும்பினியார் மண்ணை உழுதனர். மக்கள் நாவை உழ அவர்களால் இயலவில்லை. கரிசற்காட்டு மக்கள் கட்டபொம்மன் கதையைப் பாட்டாகப் பாடினர், கூத்தாக ஆடினர். அக்கதைப்பாடலைப் பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து ஆய்வுலகிற்கு வழங்கினார். ஜெகவீரபாண்டியனார் ‘பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்’ எழுதினார். சிலம்புச் செல்வர் ம.பொ.சி. கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக நிறுவி நூல் செய்தார். கட்டபொம்மன் கொள்ளைக்காரனே என்று தமிழ்வாணன் எதிர்நூல் எழுதியதும் அவ்விவாதத்தின் சூட்டைக் காட்டும்.

இவ்வாறு பக்குவப்பட்டிருந்த மண்ணில்தான் சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் நாடகம் விதையாக விழுந்தது. சிவாஜி கணேசன் 1957இல் அதை மேடையேற்றினார். நூறு முறைக்கு மேல் அரங்கேறிய அந்நாடகமே பி.ஆர். பந்துலுவின் தயாரிப்பிலும் இயக்கத்திலும் வண்ணத் திரைப்படமாயிற்று. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய – ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும் ஜி. இராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் பாராட்டப்பெற்றனர். அயலாட்சியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த இரு கண்டங்களின் விழாவில் இப்படம் போற்றப்பட்டதில் வியப்பில்லை.

வரி என்னும் சொல்

படத்தின் உயிர்நாடி, கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் இடையே நிகழும் சொற்போர். வரி கேட்கும் உரிமையையே மறுத்து முழங்கும் அவ்வுரையைப் பள்ளி ஆண்டு விழாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் மனப்பாடமாய் ஒப்பித்து வருகின்றனர்.

ஆவணங்கள் காட்டும் காட்சி வேறு. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் நேரடியாக வரி தண்டும் அதிகாரம் கும்பினியார் கைக்கு வந்தது. கட்டபொம்மன் செலுத்தவேண்டிய நிலுவை 1798இல் 3,310 பகோடா எனக் கணக்கிடப்பட்டது. தன்னைக் காண வருமாறு ஜாக்சன் ஆணையிட்டான். குற்றாலத்தில் காணச் சென்றவனுக்கு நேர்காணல் மறுக்கப்பட்டது. சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர் என்று கலெக்டர் சென்ற ஊர்தோறும் பாளையக்காரன் பின்தொடர்ந்தான். இருபத்து மூன்று நாள், ஏறத்தாழ நானூறு மைல் அலைக்கழிக்கப்பட்ட பின்னரே செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. அங்கும் அவன் நிறுத்தி வைத்தே விசாரிக்கப்பட்டான். பின்னர் மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டான், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார், கட்டபொம்மன் தப்பினான். நிலுவையில் பெரும்பகுதி அதற்குள் செலுத்தப்பட்டு, 1,080 பகோடாவே எஞ்சியிருந்தது. கட்டபொம்மன் மேலிடத்திற்கு முறையிட்டான். குழு அமைத்து விசாரித்த அரசு, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கி லூஷிங்டனை அமர்த்தியது.

ஆக, வரலாற்றுக் கட்டபொம்மன் வரி கட்டியவன், முறையீடு எழுதியவன், நியாயம் கிடைக்குமென்று நானூறு மைல் நடந்தவன். இதனால் அவன் சிறுமையுற்றானா? இல்லை. பிறக்கும்போதே வாளேந்திப் பிறந்த வீரனைவிட, இணங்கிப் பார்த்து, பொறுத்துப் பார்த்து, இனிப் பொறுப்பதற்கில்லை என்று நிமிர்ந்தவனே நமக்கு அணுக்கமானவன். அடிமைத்தனம் எவ்வாறு ஒரு மனிதனின் தன்மானத்தை நாள்தோறும் அரித்து அவனைப் போராளியாக்குகிறது என்பதை அந்த இருபத்து மூன்று நாள்கள் சொல்கின்றன. திரை அதை ஒரு வீரவுரையாகச் சுருக்கிக்கொண்டது.

எட்டப்பன் என்னும் பழி

திரைப்படம் தமிழ் மொழிக்கே செய்த ஒரு மாற்றமும் கருதத்தக்கது. ‘எட்டப்பன்’ என்னும் சொல்லுக்குக் ‘காட்டிக்கொடுப்பவன்’ என்னும் பொருள் ஆழப் பதிந்ததில் இப்படத்தின் பங்கு பெரிது. எட்டப்பன் என்பது தனியொருவரின் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிய பெயர்.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். பீரங்கிகள் வருமென்று கண்ட கட்டபொம்மன் இரவில் கோட்டையை விட்டு வெளியேறினான். எட்டயபுரத்துப் படை அவனைத் துரத்திச் சென்று கோல்வார்பட்டியில் பொருதது உண்மை. போர் முடிந்தபின் பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பங்கை எட்டயபுரம் பெற்றதும் உண்மை. ஆயின் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். மேலும், இரு பாளையங்களுக்கும் இடையே நெடுநாள் எல்லைப்பகை இருந்தது. அயலான் பிரித்தாள்வதற்கு முன்பே பிரிந்து கிடந்தவர்கள் நாம் என்பதே அதன் கசப்பான பாடம். அப்பழியை ஒரே பெயரின் மேல் ஏற்றிவிட்டு ஏனையோர் கைகழுவிக்கொள்ளல் எளிது.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்து 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் அச்சேறியதும் அவ்வூரில்தான். சுப்பிரமணியன் என்னும் சிறுவன் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றதும் எட்டயபுரத்து அவையிலேதான். ஓர் ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கும் முன் மொழி சற்றுத் தயங்கியிருக்கலாம்.

விடுபட்ட போர்

படம் கயத்தாற்றுத் தூக்கு மரத்தோடு முடிகிறது. வரலாறு அங்கே முடியவில்லை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். சில நாள்களிலேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் மீண்டும் எழுந்தது. மூன்று திங்களுக்கு மேல் நின்று பொருத அக்கோட்டை மே 24ஆம் நாள் அக்னியூவின் படையிடம் வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கை சென்று மருது சகோதரரோடு சேர்ந்தான். அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரரும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர்.

இவ்விரண்டாம் போரின் களத்தைக் கவிஞர் கண்ணதாசன் ‘சிவகங்கைச் சீமை’ என்னும் படமாக்கினார். அதுவும் 1959 மே மாதமே வெளிவந்தது. ஒரே மாதத்தில் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் திரைக்கு வந்தன. ஒன்றின் பேரொளியில் மற்றொன்று மங்கிற்று.

சொல்லாத சொல்

கட்டபொம்மனின் இறுதி நேரம் பற்றி நேரில் கண்ட பகைவனின் சான்று உள்ளது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை மறுநாளே பானர்மன் தன் மேலிடத்திற்கு எழுதினான். கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்தாண்டுள்ளார். விசாரணை முழுதும் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றான். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியுடன் அடிக்கடி நோக்கினான். தூக்கு மரத்தை நோக்கி உறுதியான நடையில் சென்றான். தன் ஊமைத் தம்பியை எண்ணி மட்டுமே கவலை தெரிவித்தான். மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வந்திருக்கலாகாது, அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று வருந்தினான். இவையே அம்மடலின் சாரம்.

திரையில் கட்டபொம்மன் முழங்குகிறான். தூக்குக் கயிற்றைத் தானே ஏற்கிறான். மடலில் அவன் பார்க்கிறான், நடக்கிறான், இரண்டே செய்திகளைச் சொல்கிறான். ஒன்று தம்பி, மற்றொன்று கோட்டை. பதினாறு திங்கள் கழித்து அந்தத் தம்பி அந்தக் கோட்டையை மீண்டும் கட்டினான். அண்ணன் எந்த மதிலுக்குள் மடியவில்லையே என்று வருந்தினானோ, அந்த மதிலுக்குள் நின்று ஊமைத்துரை போரிட்டான். வாய் பேசாதவன் தந்த விடையைவிடப் பெரிய வீரவுரை ஒன்று இருக்கவியலாது.

1959ஆம் ஆண்டுப் படம் தன் காலத்தின் கடமையைச் செய்தது. விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் உருவம் ஒன்று வேண்டியிருந்தது. அதை அப்படம் தந்தது. அந்நன்றி என்றும் உரியது. ஆயினும் நானூறு மைல் நடந்த கால்களும், மரத்தடியில் தோன்றிய வருத்தமும், பேசாத தம்பியின் மண்மதிலும் இன்னும் தமிழ்ப் படைப்பாளருக்காகக் காத்திருக்கின்றன.