சிவகங்கைப் பூங்கா, தஞ்சாவூர்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வடக்கே, சின்னக்கோட்டை எனப்படும் சிவகங்கைக் கோட்டைக்குள் அமைந்த பழைய பூங்கா. சிவகங்கைக் குளத்தைச் சுற்றி 1871-72இல் தஞ்சாவூர் நகராட்சி இதைப் பொதுமக்களுக்காக உருவாக்கியது. பூங்காவின் வயது ஒன்றரை நூற்றாண்டுதான். குளமோ பல நூற்றாண்டுகள் பழையது. காவிரிப் படுகையின் நீர் அறிவை ஒரே இடத்தில் நின்று காண இதைவிடச் சிறந்த இடம் தஞ்சையில் இல்லை.

நிலமும் நீரும்

தஞ்சைக்கு வடக்கே வெண்ணாறும் வடவாறும் ஓடுகின்றன. கிழக்கே கடல் வரை நெல்வயல்கள். ஆனால் கோயிலும் கோட்டையும் எழுந்த இடம் மேட்டுநிலம். தென்மேற்கே வல்லம் வரை செம்பாறாங்கல் மேடு நீள்கிறது. கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறு 1934இல் வரும் வரை இந்த மேட்டில் ஆற்றுநீர் பாயவில்லை. ஆறுகள் சூழ்ந்த நாட்டின் தலைநகரம் குடிநீருக்கு வானத்தையே நம்பியிருந்தது. அந்தத் தேவைக்குக் கைகொடுத்தது சிவகங்கைக் குளம்.

குளத்தின் பழமை

குளத்தை முதலாம் இராசராசன் வெட்டுவித்தான் என்பது மக்கள் வழக்கு. ஆயினும் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் தஞ்சைத் தளிக்குளத்தைத் தம் தேவாரத்தில் குறித்திருக்கிறார். சோழ மன்னன் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது 9ஆம் நூற்றாண்டின் நடுவில். பெரிய கோயில் நிறைவுற்றது 1010இல். அந்தத் தளிக்குளம் இதுவே எனக் கொண்டால், குளமும் அதையொட்டிய சிவன் கோயிலும் சோழர் தலைநகருக்கு முந்தியவை. இன்றும் குளத்தின் நடுத் திட்டில் சிறு சிவன் கோயில் இருப்பது அத்தொடர்ச்சிக்குச் சான்று. இராசராசன் செய்தது பழைய நீர்நிலையைப் பேணியதே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நீர்நிலைகளின் வகையும் தஞ்சை ஏற்பாடும்

தமிழகத்து நீர்நிலைகள் பயனால் வேறுபடுகின்றன. பாசனத்துக்கு ஏரி, குடிப்பதற்கு ஊருணி, குளிக்கவும் வழிபாட்டுக்கும் குளம், காவலுக்கு அகழி. தஞ்சையில் இவற்றைத் தனித்தனியே விடாமல் ஒரே கோவையாக இணைத்தார்கள். இதைச் செம்மைப்படுத்தியவர்கள் நாயக்கர்கள். 1532இல் ஆட்சியைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கர் கோட்டைக்கு வெளியே மேற்குப் புறத்தில் ஓர் ஏரி அமைத்தார். அது அவர் பெயராலேயே செவ்வப்பன் ஏரி எனப்படுகிறது.

மழைநீர் முதலில் அந்த ஏரியில் சேரும். அங்கே வண்டல் படிந்தபின் தெளிந்த நீர் வாய்க்கால் வழியே சிவகங்கைக் குளத்துக்கு வரும். குளத்திலிருந்து நிலத்தடிக் குழாய்கள் நகருக்குள் அய்யன்குளம் போன்ற குளங்களுக்கு நீரைக் கொண்டுசென்றன. நிலத்தின் சாய்வே நீரை நகர்த்தியது; ஏற்றமோ கவலையோ தேவைப்படவில்லை. சிவகங்கை நீரின் சுவை ஊரெங்கும் பேர்பெற்றது.

பிறநாட்டுத் தோட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலப்படும். சீனாவின் சூச்சோ நகரில் புகழ்பெற்ற சுவோசெங் தோட்டம் அமைக்கப்பட்டதும் இதே 16ஆம் நூற்றாண்டில்தான். அங்கும் நடுவில் நீர். சுற்றிலும் மரங்களும் மண்டபங்களும். ஆனால் அங்கே நீர், கண்ணுக்கும் கவிதைக்கும். தஞ்சையில் அது ஊருக்குக் குடிநீர். அழகு அதன் பின்னரே வந்து சேர்ந்தது. பயன்பாட்டிலிருந்து அழகு பிறந்த தோட்டம் என்பதே சிவகங்கையின் பெருமை.

சூழவுள்ள சின்னங்கள்

பூங்காவை அடுத்து 1779இல் சுவார்ட்சு பாதிரியார் கட்டிய தேவாலயம் உள்ளது. 1798இல் அவர் இறந்தபின், அவர்மீது பேரன்பு கொண்டிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் இலண்டன் சிற்பி ஜான் பிளாக்சுமனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் அருகே மன்னர் நிற்கும் அச்சிற்பத்தை இத்தேவாலயத்தில் காணலாம். தெற்கே சோழர் விமானம், நடுவே நாயக்கர் நீர்ப்பணி, அருகே மராட்டிய மன்னரின் நன்றிக்கடன் என மூன்று ஆட்சிகளின் தஞ்சை ஒரு நடைத் தொலைவில் அடங்கிவிடுகிறது. அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகத்தையும் சேர்த்துப் பார்ப்போர்க்கு இப்பகுதியின் பண்பாடு நன்கு விளங்கும்.

காண ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. மழை பொய்க்காத ஆண்டில் குளத்தில் நீர் இருக்கும். தையில் ஊருக்கு வெளியே சம்பா அறுவடையும் தொடங்கியிருக்கும்.

இன்றைய நிலை

பூங்கா தஞ்சாவூர் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. படகு, சிறுவர் ரயில், மான்கள் ஆகியவற்றால் தலைமுறைகளுக்குப் பழகிய இவ்விடத்தில் திறன்மிகு நகரத் திட்டத்தின் கீழ்ச் சீரமைப்புப் பணிகள் நடைபெற்றன.